விதைநெல்லும் விஞ்ஞானமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச வருவோர் வழக்கமாகச் சமயப் பெரியார் ஒருவரைப் பற்றியோ திருமுறைகளின் சிறப்பைப் பற்றியோ பேசுவர். இம்முறை நாம் வயலைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். காரணம் நீங்கள் அறிந்ததே. "மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி எவ்வகையிலும் இந்நாட்டிலே நடைபெறலாகாது" என்று ஒரு தீர்மானத்தை எமது இளைஞர்கள் எழுதி, விழா முடிந்தபின் கூடும் பொதுக்கூட்டத்திலே நிறைவேற்ற எண்ணியிருக்கின்றனர். கை உயர்த்துமுன் விடயத்தைக் கேட்டறிதல் நன்று என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அந்தப் பொறுப்பு எம் தலையிலே வந்து விழுந்தது. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு நடுவிலே நின்று நழுவிவிடும் எண்ணம் எமக்கில்லை. தீர்மானத்தின் ஒரு பாதி சரியானது. மறுபாதி பிழையானது என்பதே எமது அபிப்பிராயம்.

நமது நாட்டுப் புறத்திலே 'வேளாண்மை' என்றால் அது தொழிலின் பெயர் மாத்திரமன்று. வயலிலே நிற்கும் நெற்பயிருக்கே அதுதான் பெயர். "வேளாண்மை எப்படி?" என்று படுவான்கரையார் ஒருவரைக் கேட்டால், அவர் தம் வட்டையிலே நிற்கும் பயிரைப் பற்றித்தான் மறுமொழி சொல்வார். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலே குடியிருப்போரும் வாவியைக் கடந்து மேற்கே போய் விதைத்து, வாடியிலே தங்கிக் காவல் காத்து, சூடடித்துப் பொலி கொண்டுவந்தே பிழைத்தனர். ஆகவே விதையைப் பற்றிய பேச்சு நமக்கு அயலார் வீட்டுப் பேச்சன்று.

முதலிலே, பொருள் யாதென்று விளங்கிக்கொள்வோம். பழைய முறையிலே ஒரு நெல்லையும் இன்னொரு நெல்லையும் மணமுடித்து வைப்பார்கள். பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றப் பூவிலே சேர்த்து, பிறக்கும் பிள்ளைகளிலே நல்லதைத் தெரிந்து, பல போகம் வளர்த்து, ஓர் இனத்தை நிலைநிறுத்துவார்கள். நம் தகப்பன்மார் விதைத்த எச்-4 என்னும் நெல் அப்படிப் பிறந்ததே. குருநாகல் மாவட்டத்து பத்தலகொடையிலே 1952ஆம் ஆண்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1958இலே எச்-4 வெளிவந்தது. அதன் பெற்றோர் யாரென்று பாருங்கள். ஒன்று மாஸ் என்னும் இந்தோனேசிய நெல். மற்றது முருங்கக்காயன் என்னும் இலங்கை நெல். பெயரைக் கேட்டாலே நம் வீட்டு வளவிலே பிறந்ததுபோல் இருக்கின்றதன்றோ! அந்தச் சிவப்பரிசிச் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள் இச்சபையிலே பலர் இருக்கின்றார்கள்.

மரபணு மாற்றம் என்பது இம்மணமுடிப்பு முறையன்று. ஓர் உயிரின் இயல்பைத் தீர்மானிக்கின்ற மிக நுண்ணிய கட்டளைகளே மரபணுக்கள். நெல்லோடு எக்காலத்திலும் மணஞ்செய்யவியலாத ஓர் உயிரிலிருந்து அத்தகைய கட்டளை ஒன்றைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்திலே நெல்லின் உள்ளே பொருத்துவதே இம்முறை. மண்ணிலே வாழும் ஒரு நுண்கிருமி உண்டு. 1901இலே யப்பானியர் ஒருவர் நோயுற்ற பட்டுப்புழுவிலே அதனைக் கண்டார். 1911இலே ஜெர்மனியின் தூரிங்கியாப் பகுதியிலே மீண்டும் கண்டு, அவ்விடத்தின் பெயரையே அதற்கு இட்டனர். அதன் சுருக்கமே பீ.ரீ. என்பது. அது உண்டாக்கும் ஒரு புரதம் சிலவகைப் புழுக்களின் குடலைச் சிதைத்துவிடும். அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் பருத்தியிலோ கத்தரியிலோ பொருத்திவிட்டால், செடி தானே புழுவைக் கொல்லும். புழுவின் குடலிலே வேலை செய்யும் புரதம் மனிதரின் வயிற்றிலே அவ்வாறு வேலை செய்வதில்லை என்பது விஞ்ஞானிகள் கூறும் காரணம். அதனை மறுக்க எம்மிடம் ஆதாரமில்லை. இளைஞர்களின் துண்டுப் பிரசுரத்திலே, இப்பயிரை உண்டவர் சந்ததி அழியும் என்று ஒரு வரி இருக்கின்றது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சொன்னால், நிரூபிக்கக்கூடிய ஒன்பதையும் உலகம் நம்பாது.

இனி எதிர்ப்பின் கதைக்கு வருவோம். கடலுக்கு அப்பால், நமது மொழி பேசும் நாட்டிலேயே அது நடந்திருக்கின்றது. கோயம்புத்தூருக்கு அண்மையிலே ஆலாந்துறை என்னும் பகுதி உண்டு. அங்கே 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, மகிக்கோ என்னும் விதைக் கம்பனியின் பீ.ரீ. நெல் பரிசோதனை வயலுக்குள் விவசாயிகள் இறங்கிப் பயிரைப் பிடுங்கி அழித்தனர். அதற்குச் சில நாட்களின் முன்புதான் வடக்கே ஹரியானாவிலே கர்ணால் மாவட்டத்திலும் அதே கம்பனியின் பரிசோதனை நெல்லை விவசாயிகள் தீயிட்டுக் கொளுத்தினர்.

விளைந்த பயிரைப் பிடுங்குவது பாவம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எமக்கும் அது உவப்பான காட்சியன்று. ஆயினும் அவர்களின் நிலையிலே நின்று பாருங்கள். பரிசோதனை நடந்தது பூட்டிய ஆய்வுகூடத்திலன்று; நாலுபுறமும் பிறர் வயல்கள் சூழ்ந்த திறந்த நிலத்திலே. உள்ளே நிற்கும் நெல் எத்தகையது என்று அயல்வயல்காரருக்கு எவரும் சொல்லவில்லை. அண்டை அயலாரைக் கேளாமல் ஒரு வக்கடையைக்கூட நாம் திறப்பதில்லை. திறந்தால் வட்டைவிதானையிடம் வழக்குப் போகும். ஒரு நாட்டின் பிரதான உணவுப் பயிரிலே புதுமை செய்யவந்தவர்கள், வக்கடை திறப்பவனுக்கு இருக்கும் பொறுப்பைத்தானும் காட்டவில்லையே! கோயம்புத்தூர் விவசாயிகளின் கோபத்தை நாம் குறைசொல்ல மாட்டோம்.

இதனோடு இன்னொரு சம்பவத்தை வைத்துப் பார்க்கவேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டிலே, பொன்னரிசி என்று பெயர்பெற்ற நெல்லின் பரிசோதனை வயல் 2013 ஆகஸ்ட் 8ஆம் தேதி வேலி முறிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. பொன்னரிசி கம்பனிக்காரர் இலாபத்துக்குச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. சுவிற்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இருந்த இரு பேராசிரியர்கள் ஆரம்பித்த முயற்சி அது. உயிர்ச்சத்து 'ஏ' குறைவினாலே ஏழைப் பிள்ளைகள் கண்ணொளி இழக்கின்றனர் என்பதற்காக, அச்சத்தின் மூலப்பொருளை அரிசியிலேயே உண்டாக்கிப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டிலே அவர்களின் வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்நாட்டு அரசாங்க நிலையமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்திய பரிசோதனையே அழிக்கப்பட்டது. அந்த அரிசி நல்லதோ பயனற்றதோ என்பதை அறியத்தான் அதை விதைத்திருந்தார்கள். அறியுமுன் அழித்தவர்கள், தங்கள் பக்கம் உண்மை இருந்திருந்தால் அதற்குச் சாட்சியையும் சேர்த்தல்லவா அழித்துவிட்டார்கள்? பின்னர் 2021இலே அந்நாடு அதைப் பயிரிட அனுமதித்தது. 2024 ஏப்ரலிலே அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை நிறுத்தியது. வழக்கு மன்றத்திலே வாதாடி நிறுத்துவது ஒன்று. இரவல் அரிவாளோடு போய் நிறுத்துவது வேறொன்று.

எதிர்ப்பு எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதற்கு நாம் காட்டக்கூடிய சிறந்த உதாரணம் கத்தரிக்காய்தான். கத்தரிக்குத் தண்டையும் காயையும் துளைக்கும் புழு பெரும் பகை. களுதாவளை மணற்றோட்டங்களிலே கத்தரி செய்பவர்களைக் கேளுங்கள், எத்தனை முறை மருந்தடிக்கிறார்கள் என்று. அப்புழுவைத் தானே கொல்லும் பீ.ரீ. கத்தரியை மகிக்கோ கம்பனி உண்டாக்கியது. அமெரிக்காவின் மொன்சான்ரோவுக்கு அக்கம்பனியிலே பங்கு இருந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கர்நாடகத்துத் தார்வாடுப் பல்கலைக்கழகமும் அம்மரபணுவைப் பெற்று, உள்ளூர்க் கத்தரி இனங்களிலே சேர்த்தன. 2009 ஒக்ரோபர் 14ஆம் தேதி இந்தியாவின் அனுமதிக் குழு அதனைப் பயிரிடலாம் என்றது.

அப்பொழுது எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. விவசாயிகள், வைத்தியர்கள், இல்லத்தரசிகள், சில விஞ்ஞானிகள் யாவரும் சேர்ந்தனர். சுற்றாடல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ், 2010ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏழு நகரங்களிலே பொதுச் சபை கூட்டி, வந்தவர்களையெல்லாம் பேசவைத்துக் கேட்டார். கூச்சலும் குழப்பமும் இருந்தன. இருந்தாலும் ஒரு காயைப் பற்றி ஓர் அமைச்சர் ஊரூராகச் சென்று குடிமக்களைக் கேட்டது எமக்கு வியப்பாகவே இருக்கின்றது. பெப்ரவரி 9ஆம் தேதி, சுயாதீனமான சோதனைகள் மக்களுக்குத் திருப்தி தரும்வரை பீ.ரீ. கத்தரியை வயலுக்கு விடுவதில்லை என்று அறிவித்தார். கவனியுங்கள்: வயலுக்கு விடுவதைத்தான் நிறுத்தினார், ஆராய்ச்சியைத் தடைசெய்யவில்லை.

அந்தக் கதையிலே கோயில் சம்பந்தமும் ஒன்றுண்டு. தார்வாடுப் பல்கலைக்கழகம் தெரிந்தெடுத்த ஆறு கத்தரிகளிலே ஒன்று உடுப்பிக் குல்லா என்பது. உடுப்பிக்கு அருகே மட்டு என்னும் கிராமத்திலே பச்சை நிறத்தில் உருண்டையாகக் காய்க்கும் கத்தரி அது. வாதிராஜ சுவாமிகள் அவ்வூராருக்கு அருளிய விதை என்பது ஐதிகம். கிருஷ்ணன் கோயில் நைவேத்தியத்திலும் விருந்திலும் அதற்குத் தனி இடமுண்டு. தலைமுறை தலைமுறையாக ஓர் ஊர் காத்துவந்த விதையை எடுத்து, ஊராரையும் கேளாமல், அதற்கென அமைந்த உயிரினப் பன்மை அதிகார சபையின் அனுமதியும் பெறாமல் மாற்றியமைத்தார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. சென்னையிலே இருக்கும் அச்சபை, 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க 2011இலே தீர்மானித்தது. விஞ்ஞானம் தவறு என்பது அங்கே வாதமன்று. 'விதை யாருடையது, யாரைக் கேட்டு எடுத்தாய்?' என்பதே வாதம். எதிர்ப்பாளர் சொன்ன நியாயங்கள் அனைத்திலும் எமக்கு உறுதியாகப் படுவது இதுதான். வாக்குவாதத்திலே வயிற்று நோயைப் பற்றிப் பேசியவர்களுக்கே கைதட்டல் அதிகம் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். அதே கத்தரியைப் பங்களாதேஷ் 2013இலே ஏற்றுக்கொண்டு, 2014 ஜனவரியிலே இருபது விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்தது. அங்கே அதை வழங்கியது அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையம். விவசாயி தன் காயிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். பூச்சிமருந்துச் செலவு கணிசமாகக் குறைந்தது என்று ஆய்வுகள் கூறின. முதுகிலே மருந்துத் தாங்கியைச் சுமந்து, மூக்கிலே சால்வையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கின்ற மனிதனுக்கு அது அற்பமான செய்தியன்று. அவனிடம் போய், அது இயற்கைக்கு மாறு என்று மாத்திரம் சொல்லிவிட்டு நாம் திரும்பி வரமுடியாது.

ஆனால் பருத்தியின் கதை வேறு. இந்தியாவிலே பீ.ரீ. பருத்தி 2002இலே அனுமதி பெற்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலே பருத்தி நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதுவே நின்றது. முதலிலே மருந்தடிப்பது குறைந்தது உண்மை. புழுவும் சும்மா இருக்குமா? இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்புரதத்துக்குப் பழகிக்கொண்டது. குஜராத்திலே அது பழகிவிட்டதென்று கம்பனியே 2010இலே ஒப்புக்கொண்டது. இரண்டாவது மரபணுவையும் அதற்கு முன்னரே சேர்த்திருந்தனர். சில ஆண்டுகளிலே அதனையும் புழு வென்றது. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்திலே, பருத்திக்கு மருந்தடித்தவர்களிலே இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். மருந்து வேண்டாத செடி என்று சொல்லி விற்ற செடியின் நடுவிலே மாண்டனர்! அதற்கிடையே விதை முழுவதும் கலப்பின விதையாகிவிட்டது. கலப்பின விதையை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்தால் அது தாயைப்போல் பிறக்காது. ஆண்டுதோறும் கடைக்குப் போயே ஆகவேண்டும். ஆகவே, பருத்தி விவசாயியைக் கட்டிப்போட்டது மரபணுவா, கலப்பின வியாபாரமா என்று கேட்டால், பெரும்பங்கு வியாபாரத்தினுடையதே என்போம்.

இந்தக் கட்டு நமக்குப் புதியதன்று என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. நம் படுவான்கரையிலே சோளம் செய்பவர்களிலே எத்தனை பேர் சொந்த விதை வைத்திருக்கின்றனர்? இந்நாட்டுக் கலப்பினச் சோள விதையிலே பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. மரபணு மாற்றாமலே நாம் விதையைப் பறிகொடுத்திருக்கின்றோம். 2018ஆம் ஆண்டு பெரும்போகத்திலே படைப்புழு இத்தீவிலே புகுந்து சோளத்தைத் தின்ற கோலத்தை நீங்கள் கண்டீர்கள். உலகின் வேறு பகுதிகளிலே அப்புழுவுக்கு எதிராகப் பீ.ரீ. சோளம் விதைக்கின்றனர். ஆகவே நம் நாட்டிலே இந்தக் கேள்வி கத்தரிக்காய் வழியாகவோ நெல் வழியாகவோ வராமல், ஒரு நாள் சோளத்தின் வழியாக வந்து வாசலிலே நிற்கும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். அன்று பதில் சொல்லக்கூடிய விஞ்ஞானிகள் நம்மிடம் இருக்கவேண்டும். ஆராய்ச்சியே வேண்டாம் என்று இன்று கை உயர்த்தினால், அன்று விற்பனைக்காரன் சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. வந்தாறுமூலையிலே நமக்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கே விவசாய பீடமும் இருக்கின்றது. நம் பிள்ளைகள் படிக்கும் இடம் அது. அவர்களின் கையைக் கட்டிவிடும் தீர்மானத்தை நாமே எழுதுவதா?

இலங்கையின் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மரபணு மாற்றிய உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாதென்றும், அத்தகைய பொருள் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கலந்திருந்தால் பொதியிலே அச்சிடவேண்டுமென்றும் 2006இலே பிரமாணங்கள் செய்யப்பட்டன. 2007 ஜனவரி முதலாம் தேதி அவை நடைமுறைக்கு வந்தன. உயிரியல் பாதுகாப்புப் பற்றிய கார்ட்டஹேனா உடன்படிக்கையையும் 2004இலே இந்நாடு ஏற்றிருக்கின்றது. இத்தகைய பயிர் எதுவும் இந்நாட்டு வயலிலே பயிரிட இன்றுவரை அனுமதி பெற்றதில்லை. சட்டம் இருக்கின்றது, கடையிலே சோயாப் பொதியைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

இனி, தமிழ்நாட்டு எதிர்ப்பாளர்களுள் நம் இளைஞர்கள் பெரிதும் போற்றும் நம்மாழ்வார் அவர்களைப் பற்றி. தஞ்சாவூர் மாவட்டத்து இளங்காட்டிலே 1938இலே பிறந்த அவர் விவசாயப் பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலே உத்தியோகம் பார்த்தார். நிலையத்தில் நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி ஏழை விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டு 1969இலே வெளியேறினார். பச்சைத் துண்டும் வெண்தாடியுமாக ஊர் ஊராக நடந்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையிலே உப்பேறிய வயல்களை மீட்டெடுக்க உழைத்தார். அதே அலை நம் கரையையும் உண்டதை எவரும் மறக்கவில்லை. 2013 டிசம்பர் 30ஆம் தேதி, மீதேன் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்த காலத்திலேயே காலமானார். பீ.ரீ. கத்தரியை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் அவர் எதிர்ப்பு வெறும் வாயெதிர்ப்பன்று. கரூர் மாவட்டத்துக் கடவூரிலே வானகம் என்னும் பண்ணையை அமைத்து, வேறு வழி இருக்கின்றது என்பதை மண்ணிலே செய்து காட்டினார். அவரது வழியிலே வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்திலே ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகின்ற விவசாயிக்கு இரண்டு கிலோ பழைய விதைநெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. இப்படி 174 பாரம்பரிய நெல்வகைகளை மீட்டு, 2018 டிசம்பரிலே மறைந்தார். ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பது இலகு. இதற்கல்லவா ஆள் வேண்டும்!

நம்மாழ்வாரைச் சொன்னோம், 2021ஐயும் சொல்லாமல் விடமுடியாது. அவ்வாண்டு இளவேனிலிலே, இரசாயன உரம் இனி இந்நாட்டுக்குள் வராது, நாடு முழுவதும் உடனே சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று ஜனாதிபதியின் கட்டளை பிறந்தது. நஞ்சற்ற உணவு என்று கேட்டபோது நம்மில் அநேகர் மகிழ்ந்தோம். ஆராய்ச்சி நிலையத்தார் எச்சரித்தது எவர் செவியிலும் ஏறவில்லை. பெரும்போகம் விதைத்தபின் பயிர் மஞ்சளித்தது. நவம்பரிலே கட்டளை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்திலே நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வெட்டுக்கூலிக்கும் போதாத வயல்களை நம் வட்டைகளிலே நாம் பார்த்தோம். நல்ல எண்ணமும் ஒரே இரவிலே இடப்பட்ட கட்டளையும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு உலகம் இன்று நம்மைத்தான் உதாரணம் காட்டுகின்றது. 'எவ்வகையிலும் நடைபெறலாகாது' என்ற சொற்றொடரைத் தீர்மானத்திலே படித்தபோது எமக்கு அந்த மஞ்சள் பயிரே நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. மரபணு மாற்றம் என்று எதைச் சொல்கின்றோமோ அதன் எல்லையே இப்பொழுது கலைந்துகொண்டிருக்கின்றது. பிற உயிரின் மரபணுவைக் கொண்டுவராமல், நெல்லினுள்ளே இருக்கும் மரபணுவையே ஓரிடத்தில் திருத்திவிடும் முறை வந்துவிட்டது. இந்தியா 2025 மே மாதத்திலே அப்படித் திருத்திய இரண்டு நெல்வகைகளை வெளியிட்டது. ஒன்று வரட்சியையும் உப்பையும் தாங்கும் என்கின்றனர். அங்கேயும் எதிர்ப்பு எழுந்திருக்கின்றது. கடுகு விடயத்திலோ, 2024 ஜூலையிலே இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதிகளே ஒருமனப்படாத ஒன்றை நாம் கால்மணி நேரத்திலே தீர்த்துவிட எண்ணலாகாது.

உப்பு என்றதும் வாவியோரத்து வயல்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கின்றோம். உவர் ஏறிய நிலத்துக்கு ஏற்ற நெல் வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஏக்கம். இதற்கு உலக விஞ்ஞானிகள் தேடிப் போனது எங்கே தெரியுமா? கேரளக் கடலோரத்து ஏழைகள் காலங்காலமாக உவர்நீரிலே விதைத்துவந்த பொக்காளி நெல்லிடம். உப்பைத் தாங்கும் இயல்பை அதிலிருந்தே எடுத்து, மணமுடிக்கும் முறையாலேயே வேறு நெல்லுக்கு ஏற்றினார்கள். அறக்கொட்டிப் பூச்சியைத் தாங்கும் இயல்பை எங்கே கண்டார்கள்? இரத்து ஹீனட்டி என்னும் நம் இலங்கைத் தீவின் பழைய நெல்லிலே. உலகமெங்கும் நெல் ஆராய்ச்சியாளர் அதன் பெயரை அறிவர். விதைத்துக் காத்த சிங்களக் கமக்காரனின் பெயரை ஒருவரும் அறியார். பழைய விதை இருந்ததனாலேதான் புதிய விஞ்ஞானத்துக்கு வேலை இருந்தது. அப்படியிருக்க, விஞ்ஞானம் வந்ததென்று பழைய விதையைத் தூக்கி எறிந்தவர்களும் பிழை செய்தார்கள். பழைய விதையைக் காப்பதற்காக விஞ்ஞானத்தைத் துரத்தவேண்டும் என்பவர்களும் பிழை செய்கின்றார்கள்.

நம் பகுதியிலே பழைய விதைக்கு நேர்ந்த கதி எல்லாருக்கும் தெரியும். 1978 நவம்பர்ச் சூறாவளி, அதன்பின் நெடிய யுத்தம், இடப்பெயர்வு, 2011 ஜனவரி வெள்ளம். அகதியாய் ஓடியவன் விதைமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. தூக்கியவனும் பசிக்கு அவித்துத் தின்றிருப்பான். கன்னொறுவையிலே 1988 முதல் தாவர மரபுவள நிலையம் இருக்கின்றது. அங்கே பழைய நெல்வகைகள் ஆயிரக்கணக்கிலே குளிரூட்டிக் காக்கப்படுகின்றன. அது பெரிய ஆறுதல். ஆனால் குளிர்ப்பெட்டியிலே இருக்கும் நெல் மழையையும் பூச்சியையும் காண்பதில்லை. வட்டையிலே நிற்கும் நெல்தான் ஆண்டுக்காண்டு பழகிக்கொள்ளும்.

ஆகவே தீர்மானத்தைப் பின்வருமாறு திருத்தும்படி கேட்கின்றோம். 'ஆராய்ச்சி எவ்வகையிலும் நடைபெறலாகாது' என்பதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, அயல்வயல்காரருக்கும் பிரதேச விவசாயக் குழுவுக்கும் முன்கூட்டி அறிவித்துச் சம்மதம் பெறாமல் திறந்த வயலிலே எப்பரிசோதனையும் நடைபெறலாகாது என்று எழுதுங்கள். நம் விதையை எடுத்து ஆராய்பவர் அதன் பலனுக்குத் தனியுரிமை கொண்டாடலாகாது என்றும், விவசாயி விதையைச் சேமித்து மறுபடி விதைக்கும் உரிமை எச்சட்டத்தாலும் குறைக்கப்படலாகாது என்றும் எழுதுங்கள். 2006ஆம் ஆண்டுப் பிரமாணப்படி கடைப்பொருள்களைச் சோதித்து அதன் முடிவைத் தமிழிலும் வெளியிடவேண்டும் என்று கேளுங்கள். இவ்வளவும் எதிர்ப்புத்தான், இதிலே சற்றும் தளர்வு இல்லை. கம்பனிக்காரனுக்கு முன்னைய தீர்மானத்தைவிட இதுவே அதிக தொல்லை தரும் என்பது எமது எண்ணம். அதைச் சொல்லும்போது எமக்குச் சிறிது மகிழ்ச்சியும் உண்டாகின்றது. இதிலே உடன்படாத இளைஞர்கள் கூட்டத்திலே எழுந்து மறுத்துப் பேசவேண்டும்; வயதுக்கு மரியாதையாக வாய்மூடி இருக்கவேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. ஆதிரெங்கத்து வழக்கத்தை நம் சங்கம் இவ்வாண்டு பெரும்போகத்திலேயே ஆரம்பிக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கின்றோம். இரண்டு கிலோ வாங்குபவர் நான்கு கிலோ திருப்பித் தரவேண்டும். பச்சைப்பெருமாளோ, பெயர் மறந்துபோன வேறெந்தப் பழைய நெல்லோ உங்கள் வீட்டுப் பானையிலோ, உங்கள் ஊர் முல்லைக்காரன் ஒருவரின் வாடியிலோ இருக்குமானால், விதைப்புத் தொடங்குமுன், ஆவணி மாதம் முடிவதற்குள் செயலாளர் தம்பியிடம் தெரிவித்துவிடுங்கள். எந்த வட்டையிலே, எத்தனை ஆண்டாக விதைத்தது என்பதையும் மறவாமல் எழுதிக் கொடுங்கள். ஒரு சுண்டு நெல் ஆனாலும் போதும். பதர் நீக்கி, நன்றாக உலர்த்திக் கொண்டுவாருங்கள்.